ஐஸ் பெட்டியில் ஒரு வாரச் சமையல்

திருவண்ணாமலையில் நாங்கள் குடியிருந்த வீடு மலைக்குக் கிழக்கே, கோயிலிலிருந்து நாலாவது தெருவில் இருந்தது. அங்கே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் எங்களுக்குப் பொழுது முடிந்த மாதிரிதான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் நிழல் விழுந்திருக்கும். வேறு வீடுகளில் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதை வைத்துத்தான் சாப்பாட்டு நேரம்.

நாங்கள் தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வழக்கம் எங்கள் பெரியவர்களுக்கு உண்டு. வேலைக்குப் போகும் நானும் என் கணவரும் அதை எப்போதோ விட்டுவிட்டோம். என் மாமனார் விடவில்லை. மாமியார் இறந்த பிறகு அவர் இன்னும் இறுகிப் போனார். மலைக்குப் பின்னால் சூரியன் போனபின் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, நேற்றுச் சமைத்ததை இன்று தொடுவதில்லை என்று எங்கள் சமணக் கோயிலில் நின்று விரதம் எடுத்துக்கொண்டார்.

"அப்பா, பஞ்சாங்கத்துல ஆறே காலுக்குத்தான் அஸ்தமனம்னு போட்டிருக்கு. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு, மெதுவா சாப்பிடுங்க" என்பார் என் கணவர், வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

"பஞ்சாங்கம் எழுதறவனுக்கு மலை தெரியாது. எனக்குத் தெரியுது" என்பார் மாமனார்.

நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எழுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பிரார்த்தனைக்கு முன்னால் போய்ச் சேரலாம். சாயங்காலம் வீட்டுக்கு வர ஆறு ஆகிவிடும். பௌர்ணமி என்றால் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது, ஏழுகூட ஆகும். கணவர் ஊருக்குள்ளேயே ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். அவரும் ஆறு மணிக்குத்தான் வருவார். மாமியார் இருந்தவரை அடுப்படியைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. அவர் போனதும் எல்லாம் என் தலையில் விழுந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, காலைக்கு, மதியத்துக்கு, மாமனாரின் சாயங்காலச் சாப்பாட்டுக்கு என்று மூன்று வேளைக்கும் ஒரேயடியாகச் சமைத்து மூடிவைத்துவிட்டு ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பீரியடில் கண் சொருகும். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்த நிலையில்தான் ஃபிரிட்ஜ் வந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஊரைவிட்டுப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று என் கணவருக்குச் செய்தி கிடைத்தது. இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். சின்ன ஃபிரிட்ஜ், பழைய பால் நிறம், கைப்பிடிப் பக்கம் துரு. அந்த அம்மாள் மேலே இருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஏழெட்டு டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"ஒரு நாள் சமையல். ஏழு நாள் சாப்பாடு" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில்.

என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலை நாலு மணிதான் ஞாபகம் வந்தது.

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஃபிரிட்ஜைக் கொண்டுவந்தோம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சமையல் நாள் ஆனது. காலையில் கணவர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கான காயை மொத்தமாக வாங்கி வருவார். மொத்தமாக வாங்கினால் விலையும் கம்மி. பருப்பை ஒரே தடவையில் வேகவைத்துப் பங்கிடுவேன். காராமணிக் குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு, மொச்சை கிடைக்கும் மாதங்களில் மொச்சைக் குழம்பு. ஆறினதும் எவர்சில்வர் டப்பாக்களில் ஊற்றி மூடுவோம். மூடியின்மேல் ஒட்டும் சீட்டை அவர்தான் எழுதுவார். அலுவலகத்தில் ரிஜிஸ்டர் எழுதும் அதே முத்து முத்தான கையெழுத்து: 'செவ்வாய் – பூசணிக் கூட்டு.' எங்கள் மகளுக்கு அப்போது ஆறேழு வயது. பசை தடவுவது அவள் வேலை.

இதில் என்ன வைக்கலாம், எது கூடாது என்பதைக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். மாமனார் தொடாத, நாங்கள் மட்டும் சாப்பிடும் உருளைக்கிழங்கு ஐஸில் இருந்து எடுத்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடும். தேங்காய் அரைத்து ஊற்றியது திரிந்து போகும். தேங்காயைத் தனியாக வைத்துக்கொண்டு சூடாக்கும்போது சேர்க்க வேண்டும். இரண்டே மாதத்தில் கை பழகிவிட்டது. மண்ணெண்ணெய்ச் செலவு பாதியாகக் குறைந்தது. நான் ஐந்தரை மணிக்கு எழுந்தால் போதும் என்றாயிற்று. அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம் எனக்கு எப்படி இருந்தது என்று யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மாமனார் மட்டும் அந்த டப்பாக்களைத் தொடவில்லை. அவருக்கென்று தினமும் காலையில் ஒரு சின்னப் பானையில் சோறும், ஒரு கிண்ணம் குழம்பும் தனியாக வைப்பேன். அவர் குறை சொன்னதும் இல்லை, எங்களைத் தடுத்ததும் இல்லை. ஆனால் நான் ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அது எனக்கு உறுத்தியது. பழையதைப் போட்டுப் பிள்ளையை வளர்க்கிறாள் என்று மனதுக்குள் நினைக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மகளுக்குப் பத்து வயது ஆனபோது என் கணவரின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. செருப்பு நுழையவில்லை. முகமும் காலையில் உப்பியிருந்தது. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு வேலூருக்குப் போகச் சொன்னார். அங்கே பரிசோதனை செய்து சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றார்கள். பத்து நாள் படுக்கையில் இருக்க வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பி வந்து நான் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்தேன். கிளம்புவதற்கு முந்தின இரண்டு பகல் முழுக்கச் சமைத்தேன். மகளுக்குப் பத்து நாளைக்கு வேண்டுமே; மாமனாரும் மனம் மாறினால் ஆகட்டும் என்று இரண்டு பேருக்கும் போதும்படி செய்தேன். சாம்பார் சாதம், புளி சாதம், பருப்பு சாதம் என்று சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்தேன். ஐஸ் பெட்டி நிரம்பி, மீதியைக் கீழ்த்தட்டிலும் வைத்தேன். இந்தத் தடவை சீட்டுகளை நான்தான் எழுதினேன். எந்த டப்பாவை எப்போது எடுத்து வெளியே வைப்பது, இட்லிப் பானையில் எப்படி ஆவி காட்டுவது என்று மகளுக்குச் செய்து காட்டினேன்.

மாமனாரிடம் போய் நின்றேன்.

"உங்களுக்குத்தான் மாமா என்ன பண்றதுன்னு தெரியல."

"எனக்கு என்னம்மா? அவல் இருக்கு, பழம் இருக்கு, பால்காரன் வந்துடறான். ஒரு வயசான வயித்துக்கு அது போதும். நீ அவனைப் பாரு."

அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. எழுபது வயதுக்கு மேல் ஆன மனிதரைப் பத்து நாள் அவலைத் தின்னும்படி விட்டுவிட்டுப் போகிறோமே என்று பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். கூடவே கோபமும் வந்தது. வீட்டில் இவ்வளவு சாப்பாடு இருக்கிறது. அந்த விரதத்தை ஒரு பத்து நாள் தள்ளிவைத்தால்தான் என்ன?

வேலூரில் பத்து நாள் பன்னிரண்டு நாளாயிற்று. அது ஐப்பசி மாதம். நாலாம் நாள் பெரிய மழை பிடித்துக்கொண்டது. வார்டு ஜன்னலில் நின்று மழையைப் பார்க்கும்போது வீட்டைப் பற்றி நினைப்பேன்; டப்பாக்கள் இருக்கின்றன, பிள்ளை பட்டினி கிடக்காது என்று தேற்றிக்கொள்வேன்.

திரும்பி வந்த அன்று மத்தியானம் கணவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அடுக்களைக்குள் போனேன். டப்பாக்கள் எல்லாம் கழுவித் துடைத்து, பெரியதிலிருந்து சின்னது வரை அளவு வாரியாக அலமாரியில் அடுக்கியிருந்தன. ஐஸ் பெட்டி காலி. பிள்ளை ஒருத்தி அவ்வளவையும் தின்றிருக்க முடியாது. அவரும் சாப்பிட்டிருக்கிறார். என் பொருட்டு விரதத்தை விட்டிருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ்ஸில் கோபப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"மாமா, சாப்பாடெல்லாம் சரியா இருந்துச்சா?"

"ஒரு குறையும் இல்லம்மா" என்றார். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

மகள்தான் சொன்னாள். கிணற்றடியில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நீங்க வெச்சதெல்லாம் கெட்டுப்போச்சு. தாத்தா சொல்லக் கூடாதுன்னாரு."

"என்னடி சொல்ற?"

"மழையில கம்பம் சாஞ்சிடுச்சு. மூணு நாள் கரண்ட் இல்ல. டப்பாவைத் தொறந்தா ஒரே நாத்தம். தாத்தா எல்லாத்தையும் கொல்லையில பள்ளம் தோண்டிப் புதைச்சாரு. அப்புறம் அவருதான் சமைச்சாரு."

"தாத்தாவா?"

"ஆமா. பக்கத்து வீட்டு பீபிம்மா செவுத்துக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டே சொல்லுவாங்க. இவரு இந்தாண்ட செய்வாரு."

எங்களுக்குப் பக்கத்து வீடு ஒரு தையற்காரர் வீடு. பல தலைமுறையாக அந்தத் தெருவில் இருந்த முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டம்மாளிடம் போய்க் கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நான் சமைச்சுத் தரட்டுமான்னுதான் கேட்டேன். வேணாம்னுட்டாரு. உங்க வழக்கம் எனக்குத் தெரியாதா? சரி, அரிசி எத்தனை பிடி, தண்ணி எவ்ளோன்னு நான் சொல்றேன், நீங்க வைங்க ஐயான்னேன். மொத நாளு ஒரே குழைசல். ரெண்டாவது நாளு கஞ்சி வடிக்கறேன்னு கையில கொட்டிக்கிட்டாரு. மூணாவது நாளு பாருங்க, சோறு பூவா வந்துடுச்சு. பாப்பா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சு."

சாயங்காலம் மாமனாரின் கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது.

"ஏன் மாமா சொல்லல?"

அவர் கையை இழுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ரெண்டு நாளு நின்ன காலோட சமைச்சு வெச்ச. அத்தனையும் மண்ணுக்குள்ள போச்சுன்னு உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? ஏற்கெனவே நீ சுமக்கறது ஜாஸ்தி."

இத்தனை வருஷம் அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனதை நான் எப்படியெல்லாமோ எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றும் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

அதன்பின் வீட்டில் ஏற்பாடு மாறியது. கணவர் நீண்ட லீவில் வீட்டில் இருந்தார். உப்பு கூடாது, பருப்பு கம்மியாக, தண்ணீர் அளந்து. சாயங்காலச் சோற்றை மாமனார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மூன்றரை மணிக்கே கால் கை கழுவிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார். ஒரு சோறு, ஒரு ரசம், மகனுக்கு உப்பில்லாமல் ஒரு காய். நிழல் விழுவதற்குள் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருப்பார்கள். காலைக்கும் மதியத்துக்கும் வேண்டியதை நான் எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை செய்து ஐஸில் வைத்தேன். கணவருக்கான சுரைக்காய்க் கூட்டு, பீர்க்கங்காய்க் கூட்டு எல்லாம் உப்பில்லாமல் தனி டப்பாவில் போகும். அவர் கட்டிலில் சாய்ந்தபடி சீட்டு எழுதுவார். கை நடுங்க ஆரம்பித்த பிறகும் விடவில்லை. 'உப்பில்லை' என்று ஒவ்வொன்றிலும் அடிக்கோடு போடுவார்.

ஆறு மணிக்கு நான் வந்தால் அடுப்படியில் எனக்கு வேலை இருக்காது. என் தட்டு மூடிவைத்திருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கணவரோடு கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்காருவேன். பள்ளிக்கூடத்தில் நடந்தது, பஸ்ஸில் கேட்டது என்று பேசிக்கொண்டிருப்பேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

ஒரு நாள் சொன்னார்: "நமக்குக் கல்யாணமாகிப் பன்னண்டு வருஷம் ஆச்சு. இப்பதான் உன்கூட உக்காந்து பேசறேன்."

"நீங்க எங்க பேசறீங்க? நான்தான் பேசறேன்."

"கேக்கறேனே, அது பத்தாதா?"

அப்படி ஒன்றரை வருஷம் இருந்தார். இடையில் நாலு தடவை வேலூருக்குப் போய் வந்தோம். ஐந்தாவது தடவைக்குப் பை எடுத்து வைத்திருந்தோம், போகவில்லை. ஒரு பங்குனி மாதத்துக் காலையில், மாமனார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்திருக்கும்போது, வீட்டிலேயே போய்விட்டார்.

சொந்தக்காரர்கள் வந்து சமைத்துப் போட்டார்கள். அவர்கள் போன பிறகு ஒரு நாள் பால் வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஐஸ் பெட்டிக்குள் அவருடைய டப்பாக்கள் ஆறு இருந்தன. அவர் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்தவை. மூடிவிட்டேன். அதன்பின் ஐஸ் பெட்டியைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் நின்றுபோனது. மறுபடியும் நாலு மணிக்கு எழுந்து அன்றன்றைக்குச் சமைத்தேன். நேரத்தை மிச்சம் பிடித்து எதற்கு என்று இருந்தது.

பழைய ஃபிரிட்ஜ்களில் மாதம் ஒரு முறை நிறுத்திவைத்து ஐஸைக் கரைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். இரண்டு மாதத்தில் ஐஸ் பெட்டியின் கதவு மூடவில்லை. உள்ளே டப்பாக்கள் தெரியாதபடி வெள்ளையாக மூடிக்கொண்டது. கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை மாமனார் வந்து பக்கத்தில் நின்றார்.

"நிறுத்திடட்டுமாம்மா?"

நான் தலையை ஆட்டினேன். சுவிட்சை அணைத்தார். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து, கீழே பழைய வேட்டியை விரித்து, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். தண்ணீர் முதலில் சொட்டியது, பிறகு ஓடியது. மத்தியானம் போல ஐஸ் பாளம் பாளமாக விட்டு விழுந்தது. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கித் துடைத்துக் கீழே வைத்தார். சீட்டுகளில் மை கலைந்து ஊதா நிறமாக ஓடியிருந்தது. ஒன்றில் மட்டும் 'வியாழன்' தெரிந்தது.

"என்ன பண்ணலாம்மா?" என்றார்.

"தெரியல மாமா."

தரையில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைத்தோம். பிறகு ஒரு டப்பாவை எடுத்துப் போய் அடுப்பில் வைத்தேன். சுரைக்காய்க் கூட்டு. கெட்டுப்போகவில்லை. தட்டில் கொஞ்சம் சோறு போட்டு, அதை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். உப்பில்லாமல் வாயில் ஒரு ருசியும் தெரியவில்லை. இதைத்தான் அந்த மனிதர் ஒன்றரை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். அவர் இறந்த அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. மாமனார் என் எதிரில் உட்கார்ந்து தன் மகனின் எச்சில் படாத அந்த ஐந்து டப்பாக்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. நான் சாப்பிட்டு முடித்ததும், தட்டை என் கையிலிருந்து வாங்கிக் கழுவி வைத்தார். மருமகளின் எச்சில் தட்டை மாமனார் கழுவுவதெல்லாம் அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் நடக்காது.

மீதி டப்பாக்களில் இரண்டை மகளும் நானும் அடுத்த நாள் சாப்பிட்டோம். மூன்றை பீபிம்மா வீட்டு ஆட்டுக்குப் போட்டோம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வாரம் முடிவதற்குள் மாமனாரே சொன்னார்.

"நாலு மணிக்கு எழுந்து உடம்பைக் கெடுத்துக்காத. ஞாயித்துக்கிழமை முன்ன மாதிரியே செஞ்சு வெச்சுடு. காயை நான் நறுக்கித் தரேன்."

"நீங்க சாப்பிட மாட்டீங்களே மாமா."

"நான் சாப்பிடாட்டி என்ன? நறுக்கறதுக்கு விரதம் இல்லையே."

அந்த ஞாயிறு அவர் காய் நறுக்கினார். மகள் சீட்டு எழுதினாள். அவளுடைய எழுத்து கோணல் மாணலாக இருந்தது. யாரும் திருத்தவில்லை.

நாலு வருஷம் இப்படிப் போனது. மனுமேல் மனு போட்டு, எண்பதுகளின் பின்பாதியில் எனக்கு ஊருக்குள்ளேயே ஒரு பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. முதல் நாள் நாலே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். மாமனார் ரசத்துக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தார். மகள் தட்டு எடுத்து வைத்தாள். என்னைப் பார்த்ததும் இன்னொரு தட்டு எடுத்தாள். இத்தனை வருஷத்தில் வேலை நாளில் நான் அவர்களோடு உட்கார்ந்து சாயங்காலச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. எனக்கு அந்த நேரத்தில் பசியே இல்லை.

"உக்காரும்மா. சோறு சூடா இருக்கு" என்றார்.

உட்கார்ந்தேன். அவரே பரிமாறினார்.